ஹெட்போனுக்கு ஆம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கிய கையோடு வருகிற அடுத்த கேள்வி ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கி ஹெட்போனை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபையர். என்னிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் அதே கேள்விகள்தான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், கீழே உள்ள பல பதில்கள் மேலே போட்ட கணக்கை வைத்துத்தான் பேசுகின்றன.

போன்ல நேரா சொருகினாலே சத்தம் வருதே, தனியா ஆம்ப் எதுக்கு?

தேவையான அளவு சத்தம் வருகிறது, நீங்கள் கேட்கும் அளவில் பிசிறில்லாமல் இருக்கிறது என்றால் ஆம்ப் வேண்டாம். ஆம்பின் வேலை ஹெட்போன் கேட்கிற வோல்டேஜைக் கொடுப்பது, அந்த வோல்டேஜில் அது இழுக்கிற கரண்டைக் கொடுப்பது, நடுவில் தன் பங்குக்கு இரைச்சலோ நிறமோ சேர்க்காமல் இருப்பது. இதைப் போனோ லேப்டாப்போ ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால் இன்னொரு பெட்டி வந்து புதிதாகச் செய்ய எதுவும் இல்லை.

ஆப்பிளின் சின்ன யுஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஏறத்தாழ 1 வோல்ட் தரும் (ஐரோப்பாவில் விற்கப்படுவது அதில் பாதிதான்). சென்ஹைசர் எச்டி 650க்கு 1 வோல்ட் கிடைத்தால் 103 டெசிபல் வரும், அது ரொம்பவே அதிகச் சத்தம். அதே 1 வோல்ட்டை ஹைஃபைமேன் சுஸ்வாராவுக்குக் கொடுத்தால் 95 டெசிபல்தான் வரும், அதற்கு மேல் போக வழியில்லை. ஆக, ஆம்ப் வேண்டுமா என்பதை முடிவு செய்வது உங்கள் ஹெட்போனின் எண்கள், அதன் விலை இல்லை.

ஓம் அதிகமா இருந்தா பெரிய ஆம்ப் வேணும், கம்மியா இருந்தா போனே போதும், அப்படித்தானே?

இல்லை. இந்தத் துறையில் ரொம்ப நாளாகச் சுற்றுகிற பாதி உண்மை இது. ஓம் என்பது இம்பீடன்ஸ், அதாவது கொடுத்த வோல்டேஜுக்கு ஹெட்போன் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதை மட்டும் அது சொல்கிறது. எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்ல சென்சிட்டிவிட்டி என்ற இன்னொரு எண் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

பேயர்டைனமிக் டிடி 880இன் 600 ஓம் மாடலையும் 60 ஓம் சுஸ்வாராவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஓமை மட்டும் பார்த்தால் டிடி 880தான் பத்து மடங்கு முரடு மாதிரித் தெரியும். ஆனால் 110 டெசிபல் உச்சத்தை எட்ட டிடி 880க்குத் தேவை 3.9 வோல்ட், 6.5 மில்லிஆம்பியர், மொத்தம் 25 மில்லிவாட். சுஸ்வாராவுக்கோ 5.5 வோல்ட், 91 மில்லிஆம்பியர், மொத்தம் 500 மில்லிவாட், அதாவது இருபது மடங்கு பவர். டிடி 880 கேட்பது வோல்டேஜை மட்டும்தான், கரண்ட் என்று பார்த்தால் அது கிட்டத்தட்ட எதுவுமே கேட்பதில்லை. சுஸ்வாரா இரண்டையும் கேட்கிறது, அதுதான் கஷ்டம்.

சென்சிட்டிவிட்டி எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி போடுதே, எதை நம்பறது?

இரண்டு வகைதான் இருக்கின்றன. 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் என்பது ஒன்று, 1 வோல்ட் கொடுத்தால் எத்தனை டெசிபல் என்பது இன்னொன்று. சென்ஹைசர் தன் 300 ஓம் மாடல்களுக்கு வோல்ட் கணக்கில் போடுகிறது, எச்டி 800 எஸ் 102, எச்டி 650 103. ஃபோக்கல், ஆடிஸி, பேயர்டைனமிக் போன்றவர்கள் மில்லிவாட் கணக்கு. இதைக் கவனிக்காமல் எச்டி 650இன் 103ஐயும் ஆடிஸி எல்சிடி-எக்ஸின் 103ஐயும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். 20 ஓம் எல்சிடி-எக்ஸின் எண் மில்லிவாட் கணக்கு, அதை வோல்ட்டுக்கு மாற்றினால் 120 வரும்.

மாற்றுவது சுலபம். 1000ஐ ஓமால் வகுத்து, அதற்கு லாக் (10 அடிமானம்) எடுத்து, 10ஆல் பெருக்கி, மில்லிவாட் எண்ணோடு கூட்டினால் வோல்ட் எண் வந்துவிடும். 600 ஓமுக்குக் கூட்ட வேண்டியது 2.2, 300 ஓமுக்கு 5.2, 32 ஓமுக்கு 15, 20 ஓமுக்கு 17. பெட்டியில் வெறும் டெசிபல் என்று போட்டு எந்தக் கணக்கு என்று சொல்லாமல் விட்டிருந்தால், யாராவது சுயமாக அளந்து வெளியிட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

எவ்வளவு பவர் வேணும்னு நானே கணக்கு போட முடியுமா?

முடியும், ஆம்ப் வாங்க நினைக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது இதைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. முதலில் இலக்கு. நிதானமாகக் கேட்பவர்களின் சராசரி 70, 75 டெசிபல் இருக்கும். பெரிய ஆர்கெஸ்ட்ரா பதிவில் உச்சம் சராசரியை விட 20 டெசிபல் அல்லது அதற்கு மேலும் எகிறும். 110 டெசிபல் உச்சம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தாராளமாகவே இருக்கும்.

அப்புறம் இரண்டு விதிகள் போதும். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் ஏறும். பவர் இரண்டு மடங்கானால் 3 டெசிபல், பத்து மடங்கானால் 10 டெசிபல். சுஸ்வாராவுக்கு 1 மில்லிவாட்டில் 83 டெசிபல், 110க்கு இன்னும் 27 வேண்டும். 30 டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு, அதில் 3 குறைந்தால் பாதி, ஆக 500 மடங்கு, 500 மில்லிவாட், அதாவது 0.5 வாட். இதை 60 ஓமால் பெருக்கினால் 30, அதன் வர்க்கமூலம் 5.5, அதுதான் தேவையான வோல்ட். 5.5ஐ 60ஆல் வகுத்தால் 91 மில்லிஆம்பியர். முடிந்தது. எல்சிடி-எக்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் 5 மில்லிவாட், 0.32 வோல்ட், 16 மில்லிஆம்பியர்தான் வரும், பார்க்க அவ்வளவு பெரிய கனமான ஹெட்போனாக இருந்தாலும் ஓட்டுவது அத்தனை சுலபம். எச்டி 800 எஸ் வோல்ட் கணக்கில் 102, 110க்கு இன்னும் 8 டெசிபல், ஆக 2.5 வோல்ட், 21 மில்லிவாட்.

இந்த 110 தொடர்ந்து கேட்க வேண்டிய அளவு இல்லை, ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்துக்கான இடம் மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். ஹெட்போனை மாற்றலாம், ஆம்பை மாற்றலாம், காதை மாற்ற முடியாது. இதை ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

ஆம்ப் பெட்டியில 3 வாட்னு போட்டிருக்கு. எனக்கு 20 மில்லிவாட்தானே வேணும், அவ்வளவு பவர்ல எரிஞ்சிடாதா?

எரியாது. 3 வாட் என்பது ஆம்ப் தரக்கூடிய அதிகபட்சம், வால்யூமை நீங்கள் எவ்வளவு திருப்புகிறீர்களோ அந்த அளவுக்குத்தான் ஹெட்போன் எடுத்துக்கொள்ளும். வால்யூம் முழுதாக ஏறியிருப்பதைக் கவனிக்காமல் பாட்டைப் போடுவதில்தான் உண்மையான ஆபத்து, அங்கே முதலில் அடிபடுவது காதாக இருக்கும்.

அந்த 3 வாட் எத்தனை ஓமுக்கு என்று பாருங்கள், அதுதான் முக்கியம். பெரும்பாலும் 32 ஓமுக்குப் போட்டிருப்பார்கள், எண் பெரிதாகத் தெரியும் என்பதற்காக. 32 ஓமில் 3 வாட் என்றால் 9.8 வோல்ட். அதே 9.8 வோல்ட் 300 ஓமில் 0.32 வாட்தான், அதுவே எச்டி 800 எஸுக்குத் தேவையானதைப் போல 15 மடங்கு. இந்த மாதிரி எந்த ஆம்பின் எண்ணையும் முதலில் வோல்ட்டாக மாற்றிவிட்டு உங்கள் ஓமுக்குத் திரும்பக் கணக்குப் போடுங்கள். திசை மட்டும் முக்கியம்: குறைந்த ஓமில் கிடைத்த வோல்ட் அதிக ஓமிலும் கிடைக்கும், அதிக ஓமில் கிடைப்பது குறைந்த ஓமில் கிடைக்கும் என்று நிச்சயமில்லை, அங்கே கரண்ட் பற்றாமல் போகலாம்.

வால்யூமை 9 மணி இடத்துக்குத் திருப்பினாலே காது கிழியுது. அப்ப ஆம்ப்ல நல்ல பவர் இருக்குன்னு அர்த்தமா?

அது கெயின் அதிகம் என்பதற்குத்தான் அடையாளம். உள்ளே வருகிற சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது கெயின், எதுவரை பெருக்க முடியும் என்பது பவர். இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கெயின் அதிகமாக உள்ள ஒரு சாதாரண ஆம்ப் பாதியிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு மீதிப் பாதிக்குப் பிசிறடிக்கும்.

உங்கள் ஆம்பில் கெயின் சுவிட்ச் இருந்தால் குறைந்த நிலைக்குத் தள்ளுங்கள். வால்யூம் குமிழிக்குப் பின்னால் உள்ள சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டர் அடிமட்டத்தில் இரண்டு பக்கத்தையும் சமமாக வைக்காது, இடது காதில் ஒரு அளவு, வலது காதில் ஒரு அளவு என்று வரும். இரைச்சலும் கெயினோடு சேர்ந்து ஏறும். வழக்கமாகக் கேட்கும்போது முள் 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் நின்றால் வசதி.

அவுட்புட் இம்பீடன்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன, எதுக்குப் பார்க்கணும்?

ஆம்புக்கு உள்ளே, வெளியேறும் வழியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் தருகிற வோல்டேஜ் அந்த ரெசிஸ்டருக்கும் ஹெட்போனுக்கும் இடையே பங்கு பிரியும். ஹெட்போனின் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருந்தால் இந்தப் பங்கு எங்கும் ஒரே அளவில் இருக்கும், சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனால் டைனமிக் டிரைவர்களில் (கம்பிச் சுருள் ஆடி ஒலி எழுப்புகிற வழக்கமான வகை) அப்படி இருப்பதில்லை. எச்டி 650 பெயருக்கு 300 ஓம், 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஏறத்தாழ 500 ஓம். 120 ஓம் அவுட்புட் உள்ள ஆம்பில் இதைப் போட்டால் அந்தப் பேஸ் பகுதிக்கு மற்றதை விட 1 டெசிபல் அதிகப் பங்கு கிடைக்கிறது. பேஸ் கொஞ்சம் தடித்துக் கேட்கும், டிரைவர் மேல் ஆம்பின் பிடியும் தளரும்.

120 எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். 1996இல் வந்த ஐஈசி 61938 என்ற சர்வதேசத் தரத்தில் ஹெட்போன் அவுட்புட்டுக்கு 120 ஓம் என்று பரிந்துரை இருந்தது. அதனால் சில நிறுவனங்கள் அந்த அளவை மனதில் வைத்தே ஹெட்போனைச் சுதி சேர்த்தார்கள். இன்றைய ஆம்புகள் பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழேயே இருக்கின்றன, புதிதாக வாங்குகிறவர்கள் அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

எட்டில் ஒரு பங்கு விதின்னு சொல்றாங்களே, அது சட்டமா?

ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. சட்டமில்லை, ஆனால் அர்த்தமுள்ள எண். ஹெட்போனின் ஓம் பெயரளவிலிருந்து எவ்வளவு மேலே ஏறினாலும், இந்த விதிக்குள் இருந்தால் ஒலியில் வருகிற மாற்றம் அதிகபட்சம் 1 டெசிபல்தான். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் வரை சரி, 300 ஓமுக்கு 37 ஓம் வரை சரி.

விதி தோற்கிற இடம், பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர் (இன்-இயர்களில் வருகிற இன்னொரு வகைக் குட்டி டிரைவர்) உள்ள இன்-இயர்கள், அதாவது காதுக்குள் செருகுகிற இயர்போன்கள். அவற்றின் ஓம் பெயரளவுக்குக் கீழேயும் இறங்கும். 5 ஓமிலிருந்து 30 ஓம் வரை ஏறி இறங்குகிற ஒரு இன்-இயரை 10 ஓம் அவுட்புட்டில் போட்டால் ஒலியின் வடிவமே 7 டெசிபல் மாறும், அது வேறொரு இயர்போன் வாங்கியது மாதிரி. 0.5 ஓம் அவுட்புட்டில் அதே இயர்போனில் வித்தியாசம் 0.7 டெசிபல்.

என்கிட்ட இருக்கறது பிளானார். அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. கூம்புக்குப் பதில், கடத்தி பரவிய தட்டையான மெல்லிய படலம் ஆடுகிற வகை பிளானார். அதன் ஓம் எல்லா அதிர்வெண்ணிலும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோடு, அதனால் அவுட்புட் இம்பீடன்ஸ் ஒலியின் வடிவத்தை மாற்றாது, சத்தத்தையும் பவரையும் மட்டும் கொஞ்சம் தின்னும். நீங்கள் பார்க்க வேண்டியது கரண்ட்.

இன்-இயர் சொருகினா பாட்டு இல்லாதப்பவும் ஸ்ஸ்ஸ்னு கேக்குது. இயர்போன் கெட்டுப்போச்சா?

இல்லை, அது ஆம்பின் இரைச்சல். உங்கள் இயர்போன் அதைக் கேட்கிற அளவுக்குக் கூர்மையாக இருக்கிறது. கேம்ப்ஃபயர் ஆன்ட்ரோமெடாவை எடுத்துக்கொண்டால் 12.8 ஓம், 1 மில்லிவாட்டில் 112.8 டெசிபல், முன்னால் சொன்னபடி மாற்றினால் 1 வோல்ட்டில் 131 டெசிபலுக்கு மேல். ஒரு ஆம்பின் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்று வையுங்கள், அது இந்த இயர்போனில் 32 டெசிபலாகக் கேட்கும், ராத்திரி அமைதியான அறையில் தெளிவாகவே தெரியும். அதே ஆம்பில் எச்டி 650ஐப் போட்டால் 3 டெசிபல், எந்தக் காதுக்கும் எட்டாது.

அதனால் இன்-இயர் வைத்திருப்பவர்கள் வாட் எண்ணை மறந்துவிட்டு இரைச்சல் எண்ணைத் தேடுங்கள். 1, 2 மைக்ரோவோல்ட் என்றால் நிம்மதி. சோதிப்பதும் எளிது: அமைதியான நேரத்தில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை நிறுத்திவைத்து, நீங்கள் கேட்கும் வால்யூமிலேயே விட்டு, பின்னைச் சொருகி எடுங்கள். சொருகும்போது இருந்து எடுத்ததும் போகிற சத்தம் எதுவோ அதுதான் ஆம்பின் இரைச்சல்.

பேலன்ஸ்டு ஜாக்ல போட்டா ஒலி நல்லா இருக்குமாமே?

பேலன்ஸ்டு அவுட்புட்டில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஆம்புகள், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். வோல்டேஜ் இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடுதல், கரண்ட் ஒத்துழைத்தால் பவர் நான்கு மடங்கு. அது உண்மையான ஆதாயம், சுஸ்வாரா மாதிரி ஹெட்போனுக்கு உதவும். கூடவே அவுட்புட் இம்பீடன்ஸும் இரண்டு மடங்கு, இரைச்சலும் கொஞ்சம் கூடும், ஆக இன்-இயருக்குப் பல நேரம் சாதாரண ஜாக்கே மேல். பல சின்ன யுஎஸ்பி கருவிகளில் சாதாரண ஜாக் 2 வோல்ட், பேலன்ஸ்டு 4 வோல்ட் என்று கொடுத்திருப்பார்கள். பேலன்ஸ்டில் சொருகியதும் நன்றாகக் கேட்கிறது என்று தோன்றுவதில் பெரும்பங்கு அந்த 6 டெசிபல் சத்தம்தான். உங்களுக்கு 2 வோல்ட்டே மிச்சம் என்றால் இதற்காகக் கேபிள் மாற்ற வேண்டியதில்லை.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். சாதாரண 3.5 அல்லது 6.35 மில்லிமீட்டர் பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டு காதுக்கும் பொதுவான திரும்பும் வழி. பேலன்ஸ்டு அவுட்புட்டில் அப்படிப் பொதுவான வழி கிடையாது, இடது மைனஸ், வலது மைனஸ் இரண்டுமே உயிருள்ள ஆம்ப் அவுட்புட்கள். சாதாரண ஹெட்போனை அடாப்டர் போட்டு 4.4 மில்லிமீட்டர் அல்லது நான்கு பின் எக்ஸ்எல்ஆர் அவுட்புட்டில் சொருகினால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், ஆம்ப் போய்விடலாம். அப்படிப்பட்ட அடாப்டர்கள் விற்பனைக்கும் கிடைக்கின்றன, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பேலன்ஸ்டு கேபிள் உள்ள ஹெட்போனை அடாப்டர் வழியாகச் சாதாரண ஜாக்கில் போடுவது பாதுகாப்பானது.

டியூப் ஆம்ப் ஆசையா இருக்கு. எந்த ஹெட்போனுக்கு எடுக்கலாம்?

டிரான்சிஸ்டருக்குப் பதில் வால்வு என்ற கண்ணாடிக் குழாயால் பெருக்குவது டியூப் ஆம்ப். முதலில் எந்த வகை என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் டியூபிலிருந்து நேராக வெளியேறுகிற வகை ஓடிஎல். அது வோல்டேஜை அள்ளிக் கொடுக்கும், கரண்ட் கொடுக்க முடியாது, அவுட்புட் இம்பீடன்ஸும் அதிகம். ஆகவே 300 ஓம், 600 ஓம் ஹெட்போனுக்கு அருமையான ஜோடி. பாட்டில்ஹெட் கிராக் என்ற, நாமே சால்டர் செய்து கட்டுகிற ஓடிஎல் ஆம்போடு எச்டி 600, 650ஐச் சேர்த்துக் கேட்பவர்கள் இத்தனை பேர் இருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன அந்த 1 டெசிபல் பேஸும் டியூபின் இரண்டாம் ஹார்மோனிக் (அசல் ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்ணில் கூடவே வருகிற ஒலி) சேர்க்கிற மெல்லிய தடிப்பும். அது துல்லியத்திலிருந்து விலகல்தான், ஆனால் காதுக்கு இதமான விலகல், தெரிந்தே விரும்பி எடுத்தால் அதில் தப்பே இல்லை. அதே ஆம்பில் 20 ஓம் பிளானாரைப் போட்டால் கரண்ட் இல்லாமல் மூச்சு வாங்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டியூப் ஆம்ப் குறைந்த ஓமையும் சமாளிக்கும், ஆனால் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, விலையும் அதிகம். முன்பகுதியில் டியூப், பின்பகுதியில் டிரான்சிஸ்டர் உள்ள ஹைப்ரிட் எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகும். எதுவாக இருந்தாலும் டியூப் சூடாகி நிலைக்கு வந்த பிறகுதான் ஹெட்போனைச் சொருக வேண்டும், அணைக்கும் முன் கழற்ற வேண்டும். உள்ளே உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் இருக்கிறது, அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும்.

சினாட் 120 இருக்கற ஆம்ப், 100 இருக்கறதைவிட நல்லா கேக்குமா?

சினாட் என்பது சிக்னலுக்கும், இரைச்சல், டிஸ்டார்ஷன் (சிக்னலின் சிதைவு) இரண்டும் சேர்ந்த கழிவுக்கும் உள்ள விகிதம், டெசிபலில். 100 என்றால் கழிவு 0.001 சதவீதம், 120 என்றால் 0.0001 சதவீதம். பொறியியலாகப் பார்த்தால் 120 மதிக்க வேண்டிய சாதனை. கேட்பதற்கு, பல நல்ல ஹெட்போன்களே ஆழமான பேஸில் 0.1 முதல் 1 சதவீதம் வரை டிஸ்டார்ஷன் தருகின்றன, அதன் பக்கத்தில் இந்த இரண்டு எண்ணுமே தூசு.

எண் 90க்கு மேலே இருந்தால் நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். இன்-இயர்காரர்கள் மட்டும் 50 மில்லிவோல்ட் மாதிரி குறைந்த அளவில் எடுத்த அளவீட்டைப் பாருங்கள், அங்கேதான் அவர்கள் கேட்கிறார்கள்.

ஆம்ப் மாத்தினதும் மேடை விரிஞ்சுது, குரல் முன்னால வந்துதுன்னு சொல்றாங்களே, அது பொய்யா?

அவர்கள் கேட்டது உண்மைதான், காரணம்தான் பெரும்பாலும் வேறு. இரண்டு ஆம்பும் ஒரே சத்தத்தில் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அரை டெசிபல், ஒரு டெசிபல் வித்தியாசத்தை நம் மூளை சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு, அகலம், உயிர்ப்பு என்றுதான் எடுத்துக்கொள்ளும். வால்யூமைக் கையால் திருப்பிச் சமமாக்கிவிட்டேன் என்றால் அது போதாது.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். 300 ஹெர்ட்ஸ் சைன் டோனை மெதுவான அளவில் ஓடவிடுங்கள் (சாதாரண மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம்). ஒரு ஸ்பிளிட்டரில் ஹெட்போனைச் சொருகி, இன்னொரு வழியில் ஒரு பின்னை மாட்டி, அதன் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் ஏசி வோல்ட்டை அளங்கள், மீட்டரின் முட்கள் ஒன்றையொன்று தொடாமல். இது சாதாரண ஜாக்குக்கான முறை. முதல் ஆம்பில் 0.250 வோல்ட் என்றால் இரண்டாவதிலும் 0.247க்கும் 0.253க்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள், அது 0.1 டெசிபலுக்குள். அப்புறம் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள்.

இப்படிக் கேட்டும் வித்தியாசம் தெரிந்தால் அது உண்மையான வித்தியாசம், காரணத்தைத் தேடினால் கிடைக்கும்: அவுட்புட் இம்பீடன்ஸ், கரண்ட் பற்றாக்குறை, இரைச்சல், டியூபின் ஹார்மோனிக். இவை எல்லாமே மேலே வந்துவிட்டவை.

அப்ப ஹெட்போன் விலையில பாதியாவது ஆம்புக்குப் போடணும்ங்கறது?

எந்த அடிப்படையும் இல்லாத விகிதம். 80 ஓம், 104 டெசிபல் உள்ள ஃபோக்கல் யுடோப்பியா மிக உயர்ந்த விலை ஹெட்போன், அதற்கு 110 டெசிபல் எட்ட 4 மில்லிவாட் போதும். ஆம்பில் தேவையானது கிடைத்த பிறகு மிஞ்சுகிற பணத்தை ஹெட்போனில் போடுங்கள், காதில் விழுகிற மாற்றத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. கட்டுமானம், வால்யூம் குமிழியின் வழவழப்பு, போதுமான இன்புட்கள், ரிமோட் இவற்றுக்காக அதிகம் கொடுப்பது நியாயமானது, தினமும் தொட்டுப் பயன்படுத்தும் பொருள் அல்லவா. அதை ஒலிக்காகக் கொடுத்தேன் என்று நினைக்காதவரை சரி.

டாக்கும் ஆம்பும் ஒண்ணா வாங்கலாமா, தனித்தனியா வாங்கணுமா?

டிஜிட்டலை அனலாக் ஆக்குவது டாக், அதைப் பெருக்குவது ஆம்ப். இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் ஒலி குறைந்துவிடாது, மேஜையில் இடமும் ஒயரும் மிச்சம். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாகச் சொருகும்போது கேட்கிற கிர்ர் சத்தத்துக்குப் பல நேரம் காரணம், தனித்தனிப் பெட்டிகளின் கிரவுண்ட் ஒயர்கள் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும் கிரவுண்ட் லூப்தான், ஒரே பெட்டியில் அந்தத் தொல்லை குறைவு. அடிக்கடி ஆம்ப் மாற்றுகிற ஆசை உள்ளவர்கள், டியூப் வேண்டுகிறவர்கள் தனியாக வாங்கட்டும்.

ஸ்பீக்கர் ஆம்ப்ல ஹெட்போனை ஓட்டலாமா?

அதன் முன்னால் உள்ள ஹெட்போன் ஜாக்கில் என்றால் தாராளமாக. ஆனால் பழைய ஆம்புகள் பலவற்றில் ஸ்பீக்கர் அவுட்புட்டுக்கும் அந்த ஜாக்குக்கும் நடுவில் சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டிருப்பார்கள், அவுட்புட் இம்பீடன்ஸ் பதிலைப் படித்தவர்களுக்கு விளைவு புரியும். பிளானாருக்கும் 600 ஓமுக்கும் பரவாயில்லை, 32 ஓம் டைனமிக்குக்கு வேண்டாம்.

ஸ்பீக்கர் முனையிலேயே நேராக மாட்டுவது 1 மில்லிவாட்டுக்கு 74 டெசிபல் மட்டுமே தருகிற ஏகேஜி கே1000, 83.5 தருகிற ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி சில அபூர்வங்களுக்கு வந்த வழக்கம். கே1000க்கு 110 டெசிபல் எட்ட 4 வாட் வேண்டும், அதனால் அதற்கு நியாயம் இருக்கிறது. மற்ற ஹெட்போன்களில் ஒரு தடவை கை தவறினால் உள்ளே உள்ள கம்பிச் சுருள் (காயில்) எரிந்துவிடும். பிரிட்ஜ் வகை ஆம்பாக இருந்தால் மைனஸ் முனையும் உயிருள்ளது, பேலன்ஸ்டு பதிலில் சொன்ன அதே விபத்து இங்கேயும் நடக்கும்.

ஸ்டாக்ஸ் மாதிரி எலக்ட்ரோஸ்டாட்டிக் வாங்கினா இதே ஆம்ப் போதுமா?

போதாது. அது வேறு உலகம். காயிலுக்குப் பதிலாக மெல்லிய படலம், அதற்கு எப்போதும் ஒரு உயர் வோல்டேஜ் வேண்டும், ஸ்டாக்ஸின் இன்றைய மாடல்களுக்கு 580 வோல்ட், ஐந்து பின் சாக்கெட். பழைய மாடல்களுக்கு 230 வோல்ட், ஆறு பின். இதற்கென்றே உள்ள எனர்ஜைசர் என்ற தனி ஆம்ப் வாங்கியாக வேண்டும், ஆகவே ஹெட்போனையும் அதையும் ஒரே செலவாக நினைத்து முடிவெடுங்கள்.

ஈக்யூ போட்டு பேஸ் ஏத்தினதும் சத்தம் கம்மியாயிடுச்சு, இல்லன்னா பிசிறடிக்குது. ஆம்ப் பத்தலையா?

பிசிறு முதலில் டிஜிட்டல் பக்கம் வந்திருக்கலாம். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் ஈக்யூவில் (ஈக்வலைசர்) உள்ள ப்ரீஆம்பை, அதாவது மொத்த அளவுக்கான கட்டுப்பாட்டை, மைனஸ் 6க்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்களே உச்சத்தில் வெட்டுப்பட்டுவிடும், அதை எந்த ஆம்பாலும் சரிசெய்ய முடியாது. இறக்கினால் மொத்தச் சத்தம் குறையும், அதை ஆம்ப் வால்யூமில் திரும்ப ஏற்றுவீர்கள். அங்கேதான் கணக்கு மாறுகிறது: பேஸில் 6 டெசிபல் கூட என்றால் அங்கே வோல்டேஜ் இரண்டு மடங்கு, பவர் நான்கு மடங்கு. சுஸ்வாராவின் 500 மில்லிவாட் 2 வாட் ஆகிவிடும். ஈக்யூ போடும் பழக்கம் உள்ளவர்கள் முதல் கணக்கிலேயே 110க்குப் பதில் 116 என்று வைத்துப் போடுங்கள்.

என் ஆம்ப் திணறுதா, இன்னும் இடம் இருக்கான்னு வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கறது?

நீங்கள் கேட்பதிலேயே அதிக ஏற்ற இறக்கம் உள்ள பதிவை எடுத்து, நீங்கள் எப்போதாவது வைக்கிற அதிகபட்ச வால்யூமை வையுங்கள். குமிழி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள், இது கட்டாயம், ஏனென்றால் அடுத்து ஓடப்போவது முழு அளவு டோன். 60 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் (டிஜிட்டல் கோப்பில் உச்ச அளவு) சைன் கோப்பை ஓடவிட்டு, அதே குமிழி நிலையில், முன்னால் சொன்னது மாதிரியே பின்னில் ஏசி வோல்ட்டை அளங்கள். எந்தப் பதிவின் உச்சமும் உங்கள் ஹெட்போனிடம் கேட்கப்போகிற அதிகபட்ச வோல்டேஜ் கிட்டத்தட்ட அதுதான்.

1.2 வோல்ட் வந்தது, உங்கள் ஓமில் ஆம்ப் 6 வோல்ட் வரை தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து மடங்கு, 14 டெசிபல் இடம் மிச்சம் இருக்கிறது, பெரிய ஆம்ப் எதையும் மாற்றப்போவதில்லை. 5.5 வந்தால் விளிம்பில் நிற்கிறீர்கள். கரண்ட்டையும் ஒரு வகுத்தலில் பார்த்துவிடலாம்: அளந்த வோல்ட்டை ஹெட்போன் ஓமால் வகுங்கள், ஆம்ப் தரும் கரண்ட் வரம்பு குறிப்பேட்டில் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் அது சொல்கிற குறைந்த ஓம் பவரிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 32 ஓமில் 1 வாட் என்றால் 177 மில்லிஆம்பியர்.